மாத்திரையை நிறுத்தச் சொன்னது கர்த்தர் அல்ல

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, இது நான் சொல்லும் இரண்டாவது சாட்சி. முதல் சாட்சியை 1977-ஆம் வருடம் எங்கள் சபையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். கேட்டவர்கள் அல்லேலூயா என்று கை தட்டினார்கள். ஒரு அம்மாள் அழுதுகொண்டே வந்து என்னைக் கட்டிப் பிடித்தார். அந்தச் சாட்சி பொய். அந்தப் பொய்யால் நானும் சாகக் கிடந்தேன், என் சின்ன மகளையும் சாவுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போனேன். அதனால் இதைக் கோபமாகத்தான் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் பாக்கியம். அப்போது எனக்கு முப்பது வயது. மதுரை பழங்காநத்தத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். நான் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். என் கணவர் தேவசகாயம் லாரி புக்கிங் ஆபீசில் கிளார்க். பிள்ளைகள் இரண்டும் பெண். மூத்தவள் மேரிக்கு எட்டு வயது, சின்னவள் சுகந்திக்கு நான்கு.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஆரம்பித்த இருமல், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலம் வந்தும் நிற்கவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல் வந்துவிடும். நானே அளவெடுத்துத் தைத்த ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவியது. எக்ஸ்ரே எடுத்தார்கள். சளியைப் பரிசோதித்தார்கள். டி.பி. என்றார் டாக்டர்.

"பயப்படாதீங்க, மருந்து இருக்கு. ஒன்றரை வருஷம் விடாம சாப்பிடணும். முதல் ரெண்டு மாசம் தினமும் ஊசி. நடுவுல நிறுத்துனா மறுபடி வரும், அப்ப மருந்து கேக்குமான்னு சொல்ல முடியாது."

மருந்து ஆரம்பித்துச் சில வாரம் போனால் தொற்று அடங்கிவிடும், அதுவரை வாயை மூடி இருமு, பிள்ளைகளைத் தள்ளிப் படுக்க வை, ஜன்னலைத் திறந்து வை என்றும் சொன்னார். இவ்வளவுதான். இதில் பயந்து ஓட என்ன இருக்கிறது? ஆனால் ஓடினார்கள்.

பள்ளியில் லீவு கொடுத்தார்கள், அது நியாயம். ஆனால் மறுநாளே என் கத்திரிக்கோலையும் அளவு டேப்பையும் ஒரு பழைய கவரில் போட்டு பியூனிடம் கொடுத்தனுப்பினார்கள். பியூன் வாசலுக்கு வெளியே தரையில் வைத்துவிட்டு, "டீச்சர், வச்சிருக்கேன்" என்று கத்திவிட்டுப் போனார்.

எல்லாரும் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடிக்கிற அந்த மாதத் திருவிருந்து ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலிலேயே கமிட்டிக்காரர் ஒருவர் என்னை நிறுத்தினார். என் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் அவர்.

"ஒன் நன்மைக்குத்தாம்மா சொல்றேன். கொஞ்ச நாளைக்கு வீட்டுல இருந்தே ஜெபம் பண்ணு. பாத்திரம் எல்லாருக்கும் பொது பாரு."

பாத்திரத்தில் வாய் வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? நானே விலகித்தான் உட்கார்ந்திருப்பேன். அதற்கு முன்னால் "எப்படிம்மா இருக்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அடுத்த வாரம் ரூபி மதினி வந்தார். என் கணவரின் அக்கா, உசிலம்பட்டியில் டீச்சர், ஜெபக்குழு நடத்துகிறவர். வாசற்படி தாண்டி உள்ளே வரவில்லை. மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு, "பிள்ளைகளை நான் கூட்டிட்டுப் போறேன் தம்பி" என்றார். என் கணவர் என் முகத்தைப் பார்க்காமல் பிள்ளைகளின் துணிகளை மடித்துக் கொடுத்தார். சுகந்தி ரிக்‌ஷாவிலிருந்து எம்பி எம்பிப் பார்த்தாள். நான் கிட்டப் போகவில்லை.

பிள்ளைகள் போன மூன்றாம் நாள். மத்தியானம். அவர் வேலைக்குப் போயிருந்தார். காலையில் ஊசிக்குப் போகவும் உடம்பில் தெம்பில்லை. கதவைச் சாத்திவிட்டு நான் ஆண்டவரைத் திட்டினேன். ஜெபம் என்று சொன்னால் அதுவும் பொய். திட்டினேன். சின்ன வயதிலிருந்து ஞாயிறு தவறாமல் வந்தேனே, உமக்கு என் மேல் என்ன பகை என்று கேட்டேன். சுகம் கொடு என்று நான் இனிமேல் கேட்க மாட்டேன். என்னைக் கண்டு பயப்படாத ஒரே ஒரு ஆளை இந்த வாசலுக்கு அனுப்பும். அது முடியாவிட்டால் என்னை விட்டுவிடும், நானும் உம்மை விட்டுவிடுகிறேன். சுவரில் அறைந்து அறைந்து சொன்னேன். பிறகு இருமல் பிடித்துக்கொண்டது.

கதவை யாரோ உதைத்தார்கள். திறந்தால், பின்வீட்டு வெள்ளையம்மா கையில் மாட்டுக் கம்போடு நிற்கிறாள்.

இவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்துக்காரி. என் வயதுதான். இரண்டு எருமை வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். சாணி நாற்றம் தாங்கவில்லை என்று வீட்டுச் சொந்தக்காரரிடம் அவள் மேல் புகார் சொன்னது நான்தான். அதிலிருந்து ஒரு வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை.

"எங்க அவென்?" என்றாள்.

"யாரு?"

"ஒம் புருசென். பொம்பளைய செவுத்துல வச்சு அடிக்கிற சத்தம் கேட்டுச்சே."

"அவரு வேலைக்குப் போயிட்டாரு. இங்க யாருமில்ல."

"அப்ப யாரப் போட்டு அம்புட்டு ஏச்சு ஏசுன?"

"சாமிய."

அவள் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லா ஏசு. நானும் எங் கருப்பன ஏசித்தேன் காரியஞ் சாதிப்பேன். ஓடியாந்ததுல தொண்டை வத்திப் போச்சு. தண்ணி குடு."

"வெள்ளையம்மா, எனக்கு டி.பி. யாருகிட்டயும் சொல்லிராத. இந்த வீட்டுல எதையும் தொடாத."

"தெரியும். ரெண்டு மாசமாச் செவுத்துக்கு அங்கிட்டு கேட்டுக்கிட்டுத்தேன் இருக்கேன். எந் தம்பி இருமுன இருமலு எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய், பானையில் தானே மோந்து குடித்தாள். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். "ஜன்னல ஏன் சாத்தி வச்சிருக்க? டாக்டரு தொறக்கச் சொல்லலயா?"

"இருமுறது வீட்டுச் சொந்தக்காரருக்குக் கேட்டுரும். காலி பண்ணச் சொல்லிருவாரு."

"கேட்டா கேக்கட்டும்" என்று அவளே திறந்துவிட்டாள்.

நான் கேட்ட ஆள் இவள்தான் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், ஏமாற்றமாக இருந்தது. வெள்ளைச் சேலை கட்டிய, கையில் வேதாகமம் வைத்திருக்கிற ஒரு சகோதரியை ஆண்டவர் அனுப்புவார் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் வந்துவிட்டாள். காளவாசலில் டீக்கடைகளுக்குப் பால் ஊற்றப் போகிறவள். போகிற வழியில்தான் ஊசி போடும் கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரி. "வா, நடப்போம்" என்றாள். முதல் நாள் நான்கு இடத்தில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது. திரும்பிப் போய்விடலாம் என்றேன்.

"ஒக்காரு, எம்புட்டு நேரம்னாலும் ஒக்காரு. திரும்ப மட்டும் விடமாட்டேன்" என்றாள், பால் கேனை இறக்கி வைத்துவிட்டு.

ஒவ்வொரு நாளும் இப்படித்தான். ஊசி குத்திக் குத்தி இடுப்பு கட்டை மாதிரி ஆகிவிட்டது. காதுக்குள் எப்போதும் வண்டு ரீங்காரம். மாத்திரை போட்டால் குமட்டும். அவள் விடவில்லை. ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை, பதினொரு மணிக்குக் கேப்பைக் கூழ், மத்தியானம் ஒரு தூக்கம். எல்லாவற்றுக்கும் வந்து நின்று சத்தம் போடுவாள். ஏன் இப்படிப் பாடுபடுகிறாய் என்று ஒரு நாள் கேட்டேன்.

"எந் தம்பிக்கு நாலாம் மாசம் உடம்பு தேறிருச்சு. நல்லாப் போச்சுன்னு நிறுத்திட்டான். ஏழாம் மாசம் தூக்கிட்டுப் போனோம்" என்றாள். "நல்லாப் போச்சுன்னு தோணுற அன்னைக்கித்தேன் பயப்படணும். கேட்டுக்க."

கேட்டேன். ஆனால் கேட்டபடி நடக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துச் சளியில் கிருமி இல்லை என்றார்கள். பிள்ளைகள் வரலாம், மாத்திரை மட்டும் தொடர வேண்டும் என்றார் டாக்டர். சந்தோஷமாக உசிலம்பட்டிக்கு ஆள் அனுப்பினேன். பிள்ளைகள் வரவில்லை. ரூபி மதினி மட்டும் வந்தார்.

"மாத்திரை சாப்பிடுற வரைக்கும் நீ நோயாளிதானே பாக்கியம்? கர்த்தர் ஒன்னைத் தொட்டுட்டாருன்னு எங்க ஜெபக்குழுவுல வெளிப்பட்டிருக்கு. அப்புறமும் மாத்திரை சாப்பிட்டா அது அவரை நம்பாத மாதிரி. நிறுத்திட்டு சபையில சாட்சி சொல்லு. அன்னைக்கே பிள்ளைகளைக் கூட்டியாரேன்."

நான் என் கணவரைப் பார்த்தேன். "அக்கா சொல்றதும் சரியாத்தான் படுது" என்றார் அவர். அக்காவை எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

எனக்குப் பிள்ளைகள் வேண்டும். அவ்வளவுதான். விசுவாசத்தால் நிறுத்தினேன் என்று சொன்னால் அது ஆண்டவர் பெயரில் இன்னொரு பொய். சுகந்தியை மடியில் வைத்துக்கொள்ள நிறுத்தினேன். மிச்ச மாத்திரைகளைக் காகிதத்தில் சுற்றிச் சாக்கடையில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து, பூரண சுகம் பெற்றேன், இனி மருந்து தேவையில்லை என்று சொன்னேன். என்னை வாசலில் நிறுத்திய அதே கமிட்டிக்காரர் முதல் ஆளாகக் கை தட்டினார். பாத்திரமும் கொடுத்தார்கள்.

பிள்ளைகள் வந்தார்கள். பள்ளியிலும் சேர்த்துக்கொண்டார்கள். காலையில் வேலை இருக்கிறது என்று சொல்லி வெள்ளையம்மாவோடு நடப்பதையும் நிறுத்திவிட்டேன்.

"மாத்திரை போடுறியா?" என்று கேட்பாள்.

"போடுறேன்" என்பேன்.

மூன்று மாதம். பள்ளியில் பிள்ளைகளுக்குத் தலையணை உறையில் பூத்தையல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது இருமல் வந்தது. கைக்குட்டையை எடுத்துப் பார்த்தேன். ரத்தம். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பாடத்தை முடித்தேன். எப்படி முடித்தேன் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் சுகந்தி படுத்திருந்தாள். பத்து நாளாக விட்டு விட்டுக் காய்ச்சல். கழுத்தைத் தடவிப் பார்த்தேன். காதுக்குக் கீழே ஒரு கட்டி, புளியங்கொட்டை அளவு. அன்றைக்கு ரூபி மதினியும் வந்திருந்தார். நெற்றியில் பூசி ஜெபிக்கிற எண்ணெய்ச் சீசாவைத் திறந்து, "சத்துரு சோதிக்கிறான் பாக்கியம், சாட்சியை விட்றாத" என்றார்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை நான் பாவம் என்று நினைக்கவில்லை. கைக்குட்டையைப் பிரித்து அவர் முன்னால் விரித்தேன்.

"இதுதான் மதினி என் சாட்சி. பாத்துக்கங்க. மாத்திரைய நிறுத்தச் சொன்னது கர்த்தரில்ல, நீங்க. கேட்டு நிறுத்துன முட்டாள் நான். எம் பிள்ளை கழுத்துல நிக்கிது அது. மொதல்ல வெளிய போங்க!"

என் சத்தம் கேட்டு வெள்ளையம்மா வந்துவிட்டாள். கைக்குட்டையைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். பிறகு தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

"பாவி மட்டை! போடுறேன் போடுறேன்னு எங்கிட்டப் பொய்யா சொன்ன? டி.பி.க்காரி மாத்திரைய நிறுத்துனா என்னாகும்னு நான் படிச்சுப் படிச்சுச் சொல்லல? எந் தம்பியத்தேன் பறிகொடுத்தேன், ஒன்னையுமா தூக்கிப் போகணும்?"

ஒளித்து வைத்திருந்த சொல் தெரு முழுக்கக் கேட்டுவிட்டது. வீட்டுச் சொந்தக்காரர் வேட்டியை இறுக்கிக்கொண்டு வந்தார். "டி.பி.யா? நாளைக்கே வீட்டக் காலி பண்ணுங்க" என்றார்.

வெள்ளையம்மா அவர் பக்கம் திரும்பினாள். "காலி பண்ணணுமா? நாளையிலருந்து ஒங்க வீட்டுக்குப் பாலு கெடையாது. நானும் காலி பண்ணிப் போறேன், எரும ரெண்டையும் ஒங்க வாசல்ல கட்டிட்டுப் போறேன். மருந்து திங்கிறவகிட்டப் பயமில்ல. மறைச்சு வச்சு இருமுறவகிட்டத்தேன்யா பயம். அவள மறைக்க வச்சது நீங்கதேன்!"

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். பிறகு காலி பண்ணச் சொல்லவேயில்லை. ரூபி மதினி எண்ணெய்ச் சீசாவை எடுத்துக்கொண்டு உசிலம்பட்டிக்கு பஸ் ஏறினார். வேலையிலிருந்து வந்த என் கணவர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். பிறகு சுகந்தியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "வா பாக்கியம், டாக்டர்கிட்டப் போவோம்" என்றார். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அக்காவைக் கேட்காமல் அவர் எடுத்த முதல் முடிவு அது.

டாக்டர் என்னை ஏசிய ஏச்சு நியாயம். "படிச்சவங்கதானே நீங்க?" என்றார். சுகந்திக்கும் அதே நோய்தான். இருவருக்கும் முதலிலிருந்து மருந்து. குழந்தைக்குக் கேட்டுவிடும், உங்களுக்குக் கேட்குமா என்பது போகப் போகத்தான் தெரியும் என்றார்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் சுகந்தி என் மடியில் தலை வைத்துக் கிடந்தாள். அங்கேயே ஜெபித்தேன். இந்தத் தடவை திட்டவில்லை. பேரமும் பேசவில்லை. ஆண்டவரே, நான் உம்முடைய பெயரில் பொய் சொன்னேன். இந்தப் பிள்ளைக்கு மருந்து கேட்க வேண்டும். எனக்கும் கேட்க வேண்டும், இவளை வளர்க்க ஆள் வேண்டும். ஒரு நாள்கூட நிறுத்தாமல் நடக்க எனக்குக் கால் கொடும். அவ்வளவுதான் கேட்டேன்.

மறுநாள் காலை வாசலில் வெள்ளையம்மா. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். "இன்னம் கோவம் தீரல. ஆனா நட" என்றாள். தலையில் பால் கேன், இடுப்பில் சுகந்தி. பின்னால் நான், மூச்சு வாங்கிக்கொண்டு.

ஒன்றரை வருடம் நடந்தோம். மழையில் நடந்தோம். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் வழி கிடைக்காமல் சுற்றிச் சுற்றி நடந்தோம். சுகந்தி கசப்பு தாங்காமல் மாத்திரையைத் துப்புவாள். என் கணவர் வெல்லத்தில் வைத்து மறுபடி கொடுப்பார். மருந்து வாங்கவும் மாத்திரைத் தேதியைக் காலண்டரில் குறிக்கவும் அவர் கற்றுக்கொண்டார். மூன்றாம் மாதம் சுகந்தியின் கட்டி கரைந்தது. ஐந்தாம் மாதம் டாக்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஒங்களுக்கு மருந்து கேக்குதும்மா" என்றார். பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். 1979-ல் இருவருக்கும் மருந்து போதும் என்றார்கள். டாக்டர் சொல்லி நிறுத்தினோம், நாங்களாக அல்ல.

உடனே போதகரிடம் போய், என் பழைய சாட்சியைத் திருத்த ஐந்து நிமிடம் கேட்டேன். கமிட்டி கூடி, "சபைக்கு இடறலா இருக்கும்" என்று மறுத்துவிட்டது. நான் பொய் சொன்னபோது யாருக்கும் இடறல் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ரூபி மதினி இப்போது எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறார். தான் சொன்னது தவறு என்று இன்றுவரை சொன்னதில்லை. அவரை மன்னிக்க எனக்கு மனம் கொடும் என்று தினமும் ஜெபிக்கிறேன். அந்த ஜெபத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. இதை மறைத்தால் இதுவும் பொய்ச் சாட்சி ஆகிவிடும்.

"அந்தப் பால்காரி இரட்சிக்கப்பட்டாளா?" என்று சில சகோதரிகள் என்னிடம் கேட்கிறார்கள். கேட்கும்போதே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அவள் வருடா வருடம் ஊருக்குப் போய் அவள் கருப்பனுக்குப் பொங்கல் வைக்கிறாள். நான் பரிசுத்தவான்களின் வாசலில் நின்றபோது அவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். அவளை என் வாசலுக்கு அனுப்பியது யார் என்று எனக்குத் தெரியும். மற்றதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது பள்ளி முடிந்ததும் செவ்வாய்க்கிழமைகளில் நான் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். மருந்து வாங்க வராமல் நின்றுபோனவர்களின் வீட்டைக் கேட்டுத் தெரிந்துகொண்டு தேடிப் போவேன். சிலர் கதவைச் சாத்துகிறார்கள். நானும் சத்தம் போடக் கற்றுக்கொண்டேன். சுகந்தி ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறாள்.

அன்பானவர்களே, ஆண்டவரை நம்புங்கள். நான் நம்புகிறேன். உங்களுக்குக் கோபம் இருந்தால் கோபத்தோடேயே அவரிடம் போங்கள், அவர் அதைத் தாங்குவார். மாத்திரையை விழுங்கிவிட்டு ஸ்தோத்திரம் சொல்லுங்கள். இரண்டையும் தந்தவர் ஒருவர்தான். உங்கள் தெருவில் இருமுகிறவர் ஒருவர் இருப்பார். அவருக்காக ஜெபித்தால் நல்லது. ஜெபம் முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள், அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். ஆஸ்பத்திரியைக் காலையில் எட்டு மணிக்குத் திறக்கிறார்கள்.